பேர்லினர் வைஸ: சிரப் ஊற்றாமல் குடித்துப் பாருங்கள்

பேர்லினர் வைஸ என்பது பேர்லின் நகரத்தின் புளிப்புக் கோதுமைப் பியர், அங்கே அதில் இனிப்புச் சிரப் ஊற்றிக் குடிப்பார்கள். இது யாருக்கு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியர் என்றால் எட்டு வீதத்துக்கு மேலே உள்ள ஸ்ட்ரோங் போத்தல்தான், இரண்டு உள்ளே போனால் தலை சற்று கிறங்க வேண்டும் என்பவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். பேர்லினர் வைஸயில் மதுசாரம் மூன்று வீதத்தைச் சுற்றித்தான். கசப்பு இல்லையென்றே சொல்லலாம். இருப்பது புளிப்பு, முதல் மிடறிலேயே தாடையோரத்தைக் கூச வைக்கிற புளிப்பு. தவறணையில் காலைக் கள்ளை விட்டுவிட்டு, பொழுது சாய்ந்தபின் புளித்து நிற்கும் கள்ளைக் கேட்டு வாங்குகிற ஒரு கூட்டம் உண்டல்லவா, இந்தப் போத்தல் அவர்களுக்கானது. நானும் அந்தக் கூட்டம்தான்.

திருகோணமலையில் இது எந்தக் கடையிலும் இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் ஜேர்மன்காரர்கள் நிறைய வந்து தங்குகிறார்கள், ஆனாலும் அங்கே கிடைப்பது வழமையான லாகர் மட்டுமே. எனக்கு வந்தது என் மனைவியின் தம்பி மூலம். பேர்லினில் இருக்கிறான். ஆடி மாத விடுமுறைக்கு வந்தபோது சாரத்துக்கும் துவாய்க்கும் நடுவே சுற்றி அரை டசின் போத்தல் கொண்டுவந்தான். ஷ்னேஒய்ல என்ற சிறிய ஆலையின் மார்லேனே என்கிற பியர். "அத்தான், இது உங்களுக்குத்தான். அக்கா குடிக்கமாட்டா, எனக்கும் அவ்வளவு பிடிக்காது" என்று மேசையில் வைத்தான். அங்கே ஒரு போத்தல் ஐந்து யூரோவுக்குள் என்றான். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் சில்லறை கிடைக்குமாம். டைக் வீதியில் குடித்து முடித்த போத்தலுக்கு அது யார் தரப்போகிறார்கள்!

ஒரு மா ஆலைக்காரன் பியருக்கு மதிப்புரை எழுதுவது எப்படி என்று கேட்பீர்கள். நான் சீனக்குடா மா ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கப்பலில் வந்திறங்கும் கோதுமையைச் சோதிப்பதுதான் தொழில். வைஸ கோதுமைப் பியர். கோதுமை மால்ட்டும் பார்லி மால்ட்டும் கலந்து செய்வது. தம்பி போத்தலை நீட்டியபோது நான் லேபலில் முதலில் தேடியது மதுசார வீதத்தை அல்ல, கோதுமை என்ற சொல்லை.

எங்கள் கூடத்தில் ஒரு சோதனை உண்டு. மாவைத் தண்ணீரில் கலந்து குழாயில் சூடாக்கி, அதற்குள் ஒரு கோல் இறங்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்ப்போம். இருநூற்றைம்பதுக்கு மேலே என்றால் மனம் நிம்மதி. இருநூறுக்குக் கீழே இறங்கினால் வயலிலோ கப்பலிலோ கோதுமை ஈரம்பட்டு முளைக்கத் தொடங்கிவிட்டது, அதிலுள்ள நொதியம் மாச்சத்தைச் சீனியாக வெட்டுகிறது, அந்த மாவில் சுடுகிற பாண் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். ஆக, முளை என்றால் எங்களுக்குக் குற்றம். பியர்க்காரர்கள் வேண்டுமென்றே முளைக்க வைத்து, சரியான தருணத்தில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். அதுதான் மால்ட். நாங்கள் எந்த நொதியத்துக்குப் பயந்தோமோ அதை வைத்துத்தான் அவர்கள் சீனி எடுக்கிறார்கள். பார்லி எதற்கு என்றால், கோதுமை மணிக்கு உமி இல்லை. கோதுமையை மட்டும் போட்டு ஊறவைத்தால் களியாக இறுகி வடிக்க முடியாமல் போய்விடும். பார்லியின் உமிதான் அடியில் படிந்து வடிகட்டியாக நிற்கும்.

சரி, புளிப்பு எங்கிருந்து வருகிறது? பழைய முறையில், வடித்தெடுத்த இனிப்புச் சாற்றை நன்றாகக் கொதிக்க வைக்கமாட்டார்கள். பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவைக் கூட மால்ட் ஊறும்போதே சேர்த்துவிடுவார்கள். கொதி இல்லாததால் தானியத்தோடு வந்த லக்டிக் பக்டீரியா சாகாது. பிறகு ஈஸ்ட்டும் அந்தப் பக்டீரியாவும் ஒரே தொட்டியில் சேர்ந்து வேலை செய்யும். ஈஸ்ட் மதுசாரம் தரும், பக்டீரியா புளிப்புத் தரும். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், புறெட்டனோமைசிஸ் என்ற மந்த ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட் கைவிட்ட மிச்சத்தை மாதக்கணக்கில் அரித்துத் தின்பது அதன் வேலை. அதற்கு அந்தப் பெயரை 1904இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் கிளவுசன் என்பவர் வைத்தார், அதுவும் இங்கிலாந்துப் பழைய பியரில் கண்டெடுத்து. வைன்காரர்களுக்கு இந்த ஈஸ்ட் என்றால் தலைவலி. வைஸக்கு அதுதான் வாசம்.

பேர்லினில் பியர் காய்ச்சும் துறையை ஆராயவே 1883இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவர் மக்ஸ் டெல்புறூக். லக்டிக் பக்டீரியா இனம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், லக்டோபசிலஸ் டெல்புறூக்கி. கடையில் வாங்கும் யோகட் கோப்பைக்குள் பாலை உறைய வைப்பதும் அதே இனத்தின் ஒரு கிளைதான். இதை வீட்டில் சொன்னதிலிருந்து யோகட் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

இப்போது போத்தல். மற்றப் பியர்களில் பெரும்பாலானவற்றுக்குப் போத்தல் வெறும் பாத்திரம். வைஸக்குப் பாதி வேலை போத்தலுக்குள்தான் நடக்கும். பழைய நாளில் பியரைக் கல்மண் சாடிகளில் நிரப்பி, தக்கையடித்து, நூலால் கட்டி, மணலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ மாதக்கணக்கில் புதைத்து வைத்தார்கள். புறெட் என்று சுருக்கிச் சொல்லும் அந்த மந்த ஈஸ்ட் உள்ளே மெதுவாக வேலை செய்து வாயுவை உண்டாக்கும், வெளியே போக வழியில்லாமல் அது பியருக்குள்ளேயே கரைந்து நிற்கும். திறந்தால் பீறிடும். நெப்போலியனின் படையினர் பேர்லினைப் பிடித்திருந்த காலத்தில் இதைக் குடித்துவிட்டு வடக்கின் ஷம்பெய்ன் என்று பெயர் வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. பல இடங்களில் இதை 1809 என்று அச்சிடுகிறார்கள். பிரெஞ்சுப் படை 1806இல் உள்ளே வந்து 1808 முடியும்போதே வெளியேறிவிட்டது. ஆகவே அந்த ஆண்டை நான் நம்பவில்லை. பெயரை நம்பலாம், வாயுவின் வீச்சு அப்படி.

இங்கே கள்ளை நினைக்காமல் இருக்க முடியாது. பாளையிலிருந்து இறக்கிய கள் காலையில் இனிக்கும், மத்தியானம் ஏறும், மாலையில் புளிக்கும், மறுநாள் வினாகிரிக்குப் பாதை போட்டிருக்கும். கள்ளிலும் ஈஸ்ட் உண்டு, லக்டிக் பக்டீரியா உண்டு. ஆனால் முட்டி திறந்திருக்கிறது. காற்றுப் பட்டால் வினாகிரிப் பக்டீரியா நுழைந்துவிடும், மதுசாரத்தையே அமிலமாக்கிவிடும். கடைக்கு அனுப்பும் போத்தல் கள்ளைச் சூடாக்கி இந்தக் கூட்டம் முழுவதையும் கொன்றுவிடுகிறார்கள். அதனால் அது கெடாது, ஆனால் அதற்கு மேல் வளரவும் மாட்டாது. பேர்லின்காரர்கள் போன வழி வேறு. யாரையும் கொல்லாமல் காற்றை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். உள்ளே தப்பி நின்ற துளிக் காற்றையும் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும். வினாகிரிக்கு வழியில்லை, லக்டிக் புளிப்பும் புறெட் வாசமும் ஆண்டுக்கணக்கில் ஊறும். பனைக்கும் தென்னைக்கும் குறைவில்லாத இந்தக் கரையில், கள்ளை உயிரோடு அடைத்து முதிரவைக்கிற வேலையில் யாரும் இறங்கிப் பார்க்கவில்லையே என்பது எனக்கு ஒரு குறைதான். நம்முடைய வெக்கையில் போத்தல் வெடிக்கும் என்பீர்கள். ஷம்பெய்ன் போத்தல் போல் கனத்த கண்ணாடி, எஞ்சியிருக்கும் சீனியின் அளவு பார்க்கிற ஓர் ஆள், இரண்டும் இருந்தால் முயலலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்லின்காரனின் அன்றாடப் பியர் இதுதான். இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டிய அகன்ற கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, பக்கத்தில் சீரகத்தைப் போன்ற ஒரு விதையில் வடித்த காட்டமான மதுவைச் சின்னக் குவளையில் வைத்துக் குடித்தார்கள். பிறகு லாகர் வந்தது. லாகருக்குக் குளிர் வேண்டும். 1870களில் கார்ல் லிண்டவின் குளிரூட்டும் பொறி பியர் ஆலைகளுக்குள் நுழைந்ததும் எந்தக் காலநிலையிலும் லாகர் காய்ச்சலாம் என்றாயிற்று. தெளிந்த நிறம், ஒரே சுவை, சீக்கிரம் விற்பனை. மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் சரக்கு அதோடு எப்படிப் போட்டியிடும்? இரண்டு உலகப் போர்கள் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டன. பெரிய ஆலை என்று கடைசியில் நிலைத்தது கின்ட்ல். 1872இல் தொடங்கியது, இன்றைக்கு இருப்பது பேர்லினின் இந்திரா காந்தி வீதியில். தம்பி சொன்னபோது கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தேன், வரைபடத்தை எடுத்துக் காட்டினான்.

அந்த நகரம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. 1980களின் முதல் பாதியில் ஊரைவிட்டு ஓடிய எத்தனையோ பேர் கிழக்கு பேர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில்தான் இறங்கினார்கள். கிழக்கு ஜேர்மனி வழிப்பயண அனுமதி கொடுத்தது, அங்கிருந்து ஃபிறீட்றிக் வீதி நிலையம் வழியாக மேற்குக்குப் போய்விடலாம். மேற்குக்காரர்கள் பேர்லின் மதிலை எல்லையாக ஏற்றுக்கொள்ளாததால் அவர்கள் பக்கத்தில் மறிக்க ஆளில்லை. 1985இல் அந்த வழியை அடைத்தார்கள். தம்பி அதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தவன். முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. கோடையில் திரும்பி வரும் கோப்பையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக இருக்குமாம், உள்ளே ஒரு ஸ்ட்ரோ வேறு. பியரை ஸ்ட்ரோவால் உறிஞ்சுகிற ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தேன் அத்தான், என்றான்.

அந்தச் சிவப்பும் பச்சையும்தான் சிரப். சிவப்பு ராஸ்பெரி, பச்சை வால்ட்மைஸ்டர் என்ற காட்டுப் பூண்டின் வாசம். புளிப்புத் தாங்காதவர்களுக்காக வந்த பழக்கம், பிறகு அதுவே வைஸயின் முகமாகிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் சிவப்பா பச்சையா என்றுதான் கேட்கிறார்கள், பியர் எது என்று கேட்பதில்லை. இனிப்பை மேலே கொட்டினால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கு அக்கறை? பெரிய அளவில் செய்த வைஸயிலிருந்து புறெட் மெல்ல மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புளிப்பு மட்டும் நின்றது, பின்வாசம் போயிற்று.

ஷ்னேஒய்ல இந்த இடத்தில்தான் வருகிறது. பியர் காய்ச்சுவதைப் படித்த உல்ரிக்க கென்ட்ஸ் என்ற பெண் 2016இல் தொடங்கியது. பழைய வைஸப் போத்தல்களின் அடி மண்டியில் உயிரோடு கிடந்த புறெட்டை எடுத்து வளர்த்து, அதை வைத்துப் பழைய முறையில் போத்தலுக்குள்ளேயே முதிரவைக்கிறார். பத்தாண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த போத்தலில் அது இன்னும் சாகவில்லை என்பதை ஆய்வுகூடத்தில் இருந்தவன் என்ற முறையில் என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. எங்கள் கூடத்தில் பாண் ஈஸ்ட் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் சில வாரத்தில் சோர்ந்துவிடும்.

இனி குடித்த கதை. சூட்கேசில் குலுங்கி வந்த போத்தலை உடனே திறந்துவிடாதீர்கள். பிறிட்ஜில் சில நாள் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறுகும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்த ஊரின் சூடு தெரியும்தானே, வெளியே எடுத்ததும் தாமதிக்கக் கூடாது. அதற்காக லாகரைப் போல் பல் கூசும் குளிரிலும் வேண்டாம், வாசம் எழும்பாது. எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துத் திறந்தேன். மூடி கழன்றதும் நல்ல சீறல், ஆனால் மேசை நனையவில்லை. கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் வெளிறிய வைக்கோல் நிறம், லேசான மங்கல். நுரை வெள்ளையாக எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடும். புளிப்பு கூடிய பியரில் நுரை நிலைக்காது, குறை என்று நினைக்க வேண்டாம்.

மூக்குக்கு முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு பச்சை அப்பிள். கோப்பை சற்றுச் சூடானதும் உலர்ந்த புல்லும் ஏதோ பூவும். வாயில் வைத்தால் இனிப்பு துளியும் இல்லை. புளிப்பு கூர்மையானது, ஆனால் தொண்டையைச் சுடவில்லை, வினாகிரிச் சாயல் எங்கும் இல்லை. பழைய பழக்கம் விடாமல், புளிப்பை அளக்கும் பி.எச் தாளை நனைத்துப் பார்த்தேன், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், மூன்றை ஒட்டி நின்றது. கோதுமை எங்கே என்று தேடினேன். விழுங்கியபின் நாக்கின் நடுவில் பாண் மாவின் மணம் மெல்லியதாக வந்து போகிறது. தேடினால்தான் தெரியும். உடம்பு மெலிந்த பியர், அதை மறைக்க முடியாது. கனமாக வாய் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு இது தண்ணீராகத் தோன்றலாம். மண்டியைக் கடைசியில் கலக்கி ஊற்றிப் பார்த்தேன். ஈஸ்ட் வாசம் கூடியது, புளிப்பு சற்று உருண்டது. எனக்குத் தெளிந்த பாதிதான் பிடித்தது.

பைட்ஸ் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நம்மூருக்கு இடமிருக்கிறது. மனைவி கணவாய்ப் பிரட்டல் செய்திருந்தாள், இங்கே செய்கிற உறைப்பில். ஒத்துவரவே இல்லை. உறைப்பும் அமிலமும் வாயுவும் சேர்ந்து நாக்கைக் குத்திக் கிழித்தன. கீரிமீனை மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்ததோடு குடித்தேன், ஆகா. எண்ணெயை ஒரே மிடறு துடைத்துவிடுகிறது, அடுத்த மீனுக்கு வாய் தயார். மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தேங்காய்ப்பூவோடு வைத்தாலும் சேரும். நண்டுக்கறியோடு நான் முயலவில்லை, நண்டுக்குக் கள் போதும்.

சிரப் ஊற்றாதே என்று தலைப்பில் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சும்மா ஒரு கோப்பையில் நன்னாரி சர்பத் ஒரு தேக்கரண்டி விட்டுப் பார்த்தேன். பேர்லினின் அந்தப் பச்சைப் பூண்டின் வாசத்துக்குக் காரணம் கூமரின் என்ற பொருள், காய்ந்த புல்லில் வனிலா கலந்தாற்போல் இருக்கும். நன்னாரி வேரின் வாசப் பொருள் வனிலாவுக்கு வேதியியலில் நெருங்கிய உறவு. அதனால்தானோ என்னவோ, இரண்டும் பொருந்தின. மனைவி அந்தக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி முழுவதையும் குடித்துவிட்டு, "இது பரவாயில்லையே, மற்றதைத்தான் நீங்கள் ஏன் குடிக்கிறீர்களோ தெரியவில்லை" என்றாள். ரோஸ் சிரப்போடும் பார்த்தேன். வேண்டாம், கலியாண வீட்டுக் குளிர்பானம் ஆகிவிட்டது.

குறையென்றால் மூன்று. ஒன்று, நம் சூட்டில் ஒரு கோப்பை குடித்து முடிப்பதற்குள் குளிர் போய்விடுகிறது, சின்னக் கோப்பையில் ஊற்ற வேண்டும். இரண்டு, அல்சர் உள்ளவர்களுக்கும் வெறும் வயிற்றுக்கும் இந்தப் புளிப்பு ஆகாது, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்றாவது விலை. அங்கத்தைய காசை ரூபாயாக்கினால், ஒரு போத்தல் வாங்கும் பணத்தில் இங்கே நாலைந்து பேர் தவறணையில் உட்கார்ந்து எழும்பலாம்.

பேர்லினில் ஆள் இருந்து கேட்டு எடுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். போத்தலில் சிரப் ஏற்கெனவே கலந்த சிவப்பு, பச்சை வகைகளும் விற்பனையில் உண்டு, அவசரத்தில் அதை எடுத்து வந்துவிடுவார்கள். கலக்காதது வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். போத்தலுக்குள் முதிர்வது என்று லேபலில் இருக்கிறதா, அடியில் மண்டி தெரிகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மண்டி இருந்தால் பழைய திகதி என்று தள்ளிவிட வேண்டாம், இந்த வகைக்கு வயது நல்லது. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியின் நடுவில், துணிக்குள் சுற்றி, அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பை. தம்பிக்கு அடுத்த முறைக்கான பட்டியலை இப்போதே அனுப்பிவிட்டேன், அதே ஆலை மல்லிகைப் பூப் போட்டு ஒன்று செய்கிறதாம், யாஸ்மின் என்று பெயர். அதில் இரண்டு எழுதியிருக்கிறேன்.